மூன்று பேர் ஓர் அறையில், நான் தனியாக

ஆய்வுப் படிப்புக்கு வருவதற்கு முன்பு நான்கு ஆண்டுகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஒருமுறை எங்கள் குழுவிலிருந்து ஆறு பேரை, வாடிக்கையாளர் அலுவலகத்தில் நான்கு நாள் வேலைக்காக ஹைதராபாத் அனுப்பினார்கள். ஆறு பேருக்கு மூன்று அறை. 'ட்வின் ஷேரிங்' என்பது நிறுவனத்தின் பயண விதியிலேயே இருந்தது. யார் யாரோடு என்ற பட்டியல் முதல் நாளே மின்னஞ்சலில் வந்துவிட்டது. என்னோடு போடப்பட்டிருந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரயிலில் எதிர் இருக்கை. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். "அங்க எந்தப் பக்கம் தம்பி?" என்றார். சொன்னேன். "கோயில் தெருவா?" என்றார். "இல்லண்ணா, அதைத் தாண்டி" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இந்த உரையாடல் இதைப் படிக்கிற பலருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் மாறியிருந்தது. அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அந்த அறையில் ஏற்கெனவே இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்குத் தரையில் மெத்தை போட்டார்கள். அந்த இருவரில் ஒருவர் குறட்டைக்கு அலுவலகம் முழுக்கப் பேர்போனவர். இன்னொருவர் மூன்று வேளையும் கறி இருந்தால் மகிழ்ச்சியாகச் சாப்பிடுகிறவர். ஆகவே இது தூக்கத்தின் பிரச்சினையுமில்லை, சைவத்தின் பிரச்சினையுமில்லை. வளர்ந்த ஆண்கள் மூன்று பேர் நான்கு இரவு ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு கட்டில் போட்ட அறையில் நான் ஒற்றை ஆளாகப் படுத்திருந்தேன்.

அவர் பார்ப்பனர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் 17 வந்தால் தவறாமல் பெரியார் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பவர்.

ஊருக்குத் திரும்பியதும் பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். "அவர் கேட்டாரு, மேனேஜர் ஓகேன்னு சொன்னாரு. உனக்கென்னப்பா நஷ்டம்? தனி ரூம் கிடைச்சுதுல்ல?" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. நட்டம் எதுவும் இல்லைதான். ஆறு பேரில் வசதியாகத் தூங்கியவன் நான் ஒருவன்தான்.

நட்டம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அடுத்த பயணத்துக்கு என் பெயர் இல்லை. என்னோடு அறையைப் பகிர ஆள் இல்லையென்றால் எனக்கென்று தனி அறை போட வேண்டும், பட்ஜெட் இடிக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுக்கவில்லை. கணக்குதான் அப்படி முடிவெடுத்தது. அதற்கடுத்த பயணத்திலும் அதே கணக்கு. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் 'வாடிக்கையாளருடன் நேரடி அனுபவம் போதாது' என்று எழுதப்பட்டது. அதைப் படித்தால் என் திறமையைப் பற்றிய நியாயமான கருத்துபோலவே இருக்கும். தரையில் போட்ட அந்த மெத்தை அதில் எங்கும் தெரியாது.

தங்க இடம் இல்லாமல் வேலை போவது நம் வரலாற்றில் புதிதல்ல. 1917-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தமக்கு உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அலுவலகம் இருந்தது, பதவி இருந்தது, சம்பளம் இருந்தது. படுக்க இடமில்லை. இந்து விடுதிகளில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்று, மாலைக்குள் காலிசெய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரைப் போய்க் கேட்டார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறித்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அன்று இரவே பம்பாய்க்கு ரயிலேறினார். பரோடா அரசு அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்க வேண்டிய தேவையே வரவில்லை, அறை இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது.

அந்த விடுதிக்காரரைப் போன்றவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் பிறகு பதில் சொன்னது. பிரிவு 15(2) கடைகள், உணவகங்கள், ஓட்டல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஹைதராபாத் ஓட்டலின் வரவேற்பு மேசையில் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தார்கள். அந்தச் சாவிக்குப் பின்னால் நூறாண்டுப் போராட்டம் இருக்கிறது. ஆனால் அறையை எனக்கு ஒதுக்குவது ஓட்டல் அல்லவே, என் நிறுவனம். வேலையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பிரிவு 16 அரசு வேலையைப் பற்றித்தான் பேசுகிறது. தனியார் நிறுவனத்தை அது தொடுவதில்லை. ஓட்டல்காரர் என்னை வெளியே நிறுத்தினால் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரான செயல். அதே ஓட்டலுக்குள் என் மேலாளர் என்னை ஒதுக்கி வைத்தால் அது நிர்வாக வசதி!

"வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1989-ஆம் ஆண்டுச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது சமூகப் புறக்கணிப்பும் குற்றமாக்கப்பட்டது. ஒருவரோடு வழக்கமாக வைத்திருக்கக்கூடிய சமூக உறவைத் தவிர்ப்பதும், அவரை மற்றவர்களிடமிருந்து தனிமைப்படுத்துவதும் அதன் விளக்கத்தில் அடங்கும். எழுத்தில் பார்த்தால் என் கதை அதற்குள் வரும். ஆனால் நடைமுறையில் நம்மவர்கள் அதிகம் கையிலெடுப்பது சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, அவமதிப்பது பற்றிய பிரிவுகளை. அவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும். வெளியாள் யாரும் இல்லாமல் ஒரு கட்டடத்தின் நான்கு சுவருக்குள் நடந்தது அதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருச்சி மாவட்டத்தில் அரசு அலுவலக அறை ஒன்றுக்குள் பட்டியலின அதிகாரி ஒருவரைச் சாதி சொல்லித் திட்டியதாகத் தொடரப்பட்ட வழக்கையும் 2025 ஜனவரியில் இதே காரணத்துக்காக ரத்து செய்தது. அலுவலக அறைக்கே இந்தக் கதி என்றால், இரவு பதினோரு மணிக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஓட்டல் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு என்னைப் போன்ற ஒருவர் வேறு வழியில்லாமல் பகிரப்பட்ட அறைக்குள், அந்த நான்கு இரவும் என்ன கேட்டாலும் சாட்சி இல்லை.

நான் தனி அறையில் இருந்ததால் தப்பித்தேன் என்றுகூடச் சில நாள் தோன்றும். மும்பையில் முதுநிலை மருத்துவப் படிப்பும் பணியுமாக இருந்த பழங்குடிப் பெண் மருத்துவர் பாயல் தத்வி, 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு நடக்கிறது. அறையைப் பகிர்ந்துகொண்டவர்களே அவருடைய படுக்கையில் காலைத் துடைத்தார்கள் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நீதிமன்றம் தீர்ப்பு சொல்லட்டும். பகிரப்பட்ட அறை என்பது பணியிடத்தின் ஒரு பகுதிதான் என்பதை ஒத்துக்கொள்ள நமக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

1955-ஆம் ஆண்டுக் குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. தீண்டாமையின் பேரால் ஒருவர் வேலை செய்வதற்கு இடையூறு விளைவிப்பது அதன்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், நடந்தது தீண்டாமையின் அடிப்படையில்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லையென்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு என்கிற அருமையான ஒரு பிரிவும் (12) அதில் இருக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் நூறு ரூபாய் முதல் ஐந்நூறு ரூபாய் வரை. நாங்கள் தங்கிய ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஆகும்.

ஆனால் என் சிக்கல் அபராதத் தொகையில் இல்லை. இந்த இரண்டு சட்டங்களும் குற்றவியல் சட்டங்கள். காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், முதல் தகவல் அறிக்கை போட வைக்க வேண்டும், உடன் வேலை பார்க்கிறவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். எனக்கு அவரைச் சிறைக்கு அனுப்பும் ஆசை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அடுத்த பயணத்தில் என் இடம். அதைக் கேட்பதற்கு ஒரு மேசை இல்லை. குற்றவியல் சட்டம் அந்த மூத்த அண்ணனைத் தேடும். அவர் கேட்டதற்கு 'ஓகே' சொன்ன மேலாளரையும், அந்த 'ஓகே'யை வைத்து ஆள் குறைத்த நிறுவனத்தையும் அது நிமிர்ந்துகூடப் பார்க்காது. இத்தனைக்கும் தீண்டாமை அந்த 'ஓகே'யில்தான் நிர்வாக முடிவாக மாறியது. ஒரு தனிமனிதனின் அருவருப்பு அதுவரை அவனுடைய நோய். அதற்குக் கட்டில் ஏற்பாடு செய்து கொடுத்த பிறகு அது நிறுவனத்தின் கொள்கை.

பணியிடப் பாகுபாட்டுக்கு எப்படிச் சட்டம் போடுவது என்று நாடாளுமன்றத்துக்குத் தெரியாதா? தெரியும். 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். வேலையின் பொருட்டு ஊழியர் போகிற எந்த இடமும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் 'பணியிடம்' என்று அது சொல்கிறது. ஹைதராபாத் ஓட்டலும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு வைத்தாக வேண்டும். 2017-இன் எச்.ஐ.வி. சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது, தனியாருக்கும் சேர்த்து. 2019-இன் திருநர் உரிமைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. இவை ஒழுங்காக நடைமுறையில் இருக்கின்றனவா என்பது வேறு சண்டை. போய் நிற்க ஓர் இடமாவது காகிதத்தில் இருக்கிறது. சாதிக்கு அது இல்லை. அதே 2019-இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பாகுபாடு என்று வரும்போது பாலினத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. அனைத்து வகைப் பாகுபாட்டையும் தனியார் துறையிலும் தடுக்கும் மசோதா ஒன்றைச் சசி தரூர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அந்த மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.

கடல் கடந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகராட்சி, வேலையிலும் குடியிருப்பிலும் பொது இடங்களிலும் சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு ஆளுநர் நிராகரித்துவிட்டார், அதற்கு எதிராக மும்முரமாக வேலை செய்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் சியாட்டிலில் வேலை பார்க்கிற தமிழருக்குச் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டேன் என்று முறையிட ஒரு நகரச் சட்டம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் பழைய மகாபலிபுரம் சாலைக் கிளையில் இருப்பவருக்கு இல்லை!

இப்போது என் நண்பர்களே சொல்கிற மறுப்புக்கு வருகிறேன். "யாரோடு ஓர் அறையில் தூங்குவது என்பது ஒருவருடைய தனிப்பட்ட உரிமை இல்லையா? அதிலும் சட்டம் நுழையலாமா?" சட்டம் நுழையக் கூடாதுதான். அதனால்தான் சொல்கிறேன், ஊழியர்களை அறை பகிரச் சொல்வதே தவறு. எட்டு மணி நேர வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம், மிச்சப் பதினாறு மணி நேரத்தையும் இன்னொரு ஊழியரின் மூச்சுக்குப் பக்கத்தில் கழிக்கச் சொல்வது என்ன நியாயம்? பெண்களுக்கு, திருநர்களுக்கு, மாத்திரையும் ஊசியும் வைத்துக்கொண்டு பயணிப்பவர்களுக்கு, தொழுகை நேரம் உள்ளவர்களுக்கு, யாருக்கும் எந்தக் காரணமும் சொல்ல விரும்பாதவர்களுக்குத் தனி அறை வேண்டும். எல்லாருக்கும் கொடு. அப்போது என்னைத் தனியே போட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பகிர வேண்டும் என்று விதி போட்டுவிட்டு, அந்த விதியிலிருந்து ஒருவருக்கு மட்டும், அதுவும் ஓர் ஆளை மட்டும் தவிர்ப்பதற்காக விலக்குக் கொடுத்தால் அங்கே தனிமனித உரிமை எதுவும் இல்லை. அவர் தனிமையைக் கேட்கவில்லை. தனிமை வேண்டுமென்றால் மூன்றாவது ஆளாகத் தரையில் படுக்கப் போவாரா?

இன்னொரு மறுப்பு எச்.ஆர். தரப்பிலிருந்து வரும், இன்னும் நாசூக்காக. "தேவையில்லாத மனக்கசப்பு வேண்டாம் என்றுதான். உங்கள் நன்மைக்கும் சேர்த்துத்தான்." இதைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது பாளையங்கோட்டை மத்தியச் சிறை. அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் மோதலைத் தடுக்க என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் முன்பு அதை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிவாரியாக வேலை பிரிப்பதையும் ஆட்களைப் பிரிப்பதையும் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானவை என்று அறிவித்தது. பாளையங்கோட்டையின் சமாதானத்தையும் பெயர் குறிப்பிட்டு நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பாற்றுவது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காகச் சாதிப்படி பிரித்துவைக்க முடியாது என்பதுதான் சாரம். கொலை வழக்குக் கைதிகளுக்கு இடையிலேயே செல்லாத ஒரு சமாதானம், சம்பளம் வாங்கும் பட்டதாரிகளுக்கு இடையில் செல்லும் என்கிறது எச்.ஆர்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் புத்திசாலித்தனமானது. எக்செல் தாளில் பட்டியல் போடுகிறவர், 'சிக்கல் வராமல்' இருக்க, நம் ஆட்கள் இருவர் இருந்தால் அவர்களை முதலிலேயே சேர்த்து ஓர் அறைக்குள் போட்டுவிடுவார். யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை, புகாருக்கே வழியில்லை. ஊரும் சேரியும் நாலு மாடி ஓட்டலில் அறை எண்ணாக வந்து நிற்கும்.

என்ன செய்யலாம்? தில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத்தான், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தினார்கள். நல்ல திருத்தம். உட்கார ஒரு நாற்காலிக்குச் சட்டத்தில் பிரிவு சேர்க்க முடிந்த அரசால், படுக்க ஒரு கட்டிலுக்கும் சேர்க்க முடியும். பணியிடத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டும். வேலை நிமித்தம் தங்கும் இடமும் பணியிடம் என்று வரையறுக்க வேண்டும். வெளியாட்களும் இருக்கிற ஒரு புகார்க் குழு வேண்டும், அந்தக் குழு மேலாளரின் முடிவையும் பயண வாய்ப்பையும் மதிப்பீட்டையும் கையில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். காரணம் சாதி இல்லை என்று காட்டும் பொறுப்பை, 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதுபோலவே, நிறுவனத்தின் தலையில் வைக்க வேண்டும். சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் இதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? ஐ.டி. ஊழியர் சங்கங்கள் வேலைநீக்கத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்காமல், இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

சட்டம் வரும்வரை என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறைப் பட்டியல் மாறினால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். யார் கேட்டார், யார் ஒப்புக்கொண்டார், அடுத்த பயணத்தில் யார் பெயர் விடுபட்டது என்று தேதியோடு குறித்து வையுங்கள். நீங்கள் பட்டியலினத்தவர் இல்லையென்றாலும், மூன்றாவது ஆளாக ஒருவர் உங்கள் அறைக்கு மெத்தையோடு வந்தால், ஏன் வந்தாய் என்று அவரிடம் கேளுங்கள். அந்த அறையில் இருந்த இருவரும் கேட்கவில்லை. அதில் ஒருவர் இன்றும் எனக்கு நல்ல நண்பர்.

முதலில் வந்த பட்டியலும் மாற்றிய பட்டியலும் இரண்டு மின்னஞ்சல்களாக என் அலுவலகப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் அவற்றைத் தனியே சேமித்து வைக்கவில்லை. வேலையை விட்ட அன்று மாலை ஆறு மணிக்குக் கணக்கை முடக்கினார்கள், அவையும் போயின.